சண்டே சைலன்ஸை அமெரிக்கா ஏன் விட்டது?

கேள்வி இதுதான்: “ஜப்பான் குதிரைகள் துபாய், சவுதி, அமெரிக்கா என்று போகிற இடமெல்லாம் ஜெயிக்கின்றன. இதற்கெல்லாம் மூலம் சண்டே சைலன்ஸ் என்கிற ஒரே அமெரிக்கக் குதிரை என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் அதை அமெரிக்கர்கள் எப்படிக் கைவிட்டார்கள்?”

முதல் பாதிக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம்: பெரும்பாலும் உண்மைதான். இரண்டாம் பாதிக்குத்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. மாணிக்கத்தைக் கூழாங்கல் என்று நினைத்து விற்றுவிட்டார்கள் என்று பலரும் சிரிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்றைக்குக் கையிலிருந்த கணக்கை வைத்துப் பார்த்தால், அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் வேண்டாம் என்றதில் தப்பு சொல்ல முடியாது. அது எப்படி என்று புரிய, குதிரை குட்டியாக இருந்த நாளிலிருந்து வரணும்.

கென்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்று ஒரு சின்ன ஊர். 1986 மார்ச் 25 அன்று அங்கே ஆர்தர் ஹான்காக்கின் ஸ்டோன் பார்ம் பண்ணையில் இந்தக் குட்டி பிறந்தது. தந்தை ஹேலோ, தாய் விஷிங் வெல். ஹேலோ நல்ல பொலிகுதிரைதான். அதன் மகன் ஒன்று 1983-ல், அமெரிக்காவின் பெரும் பந்தயமான கென்டக்கி டெர்பியே ஜெயித்திருந்தது. ஆனால் முரட்டுக் குணம். கடித்துக் குதறிவிடும் என்று வாய்க்கூடு போட்டே வைத்திருந்தார்கள். தாய் விஷிங் வெல் ஓடி ஜெயித்த குதிரை என்றாலும் தாய்வழிக் குடும்பத்தில் சொல்லிக்கொள்ளப் பெரிய பெயர் எதுவும் கிடையாது. தரோபிரெட் என்கிற பந்தயக் குதிரை இனத்தின் உலகில் இது பெரிய குறை. பெண் பார்க்கப் போகிறவர்கள் தாய்மாமன் யார் என்று விசாரிப்பதுபோல, அங்கே தாயின் தந்தை யார், பாட்டி என்ன ஈன்றாள் என்று நாலு தலைமுறைக்குத் தோண்டுவார்கள்.

வம்சம் போகட்டும், உடம்பாவது சரியாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. பின்னங்கால்கள் உள்வாங்கி, நடக்கும்போது முட்டிகள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். நம்மூர் மாட்டுச் சந்தையாக இருந்தால் சுழி பார்க்கிற வரைக்கும்கூடப் போகாமல், நடையைப் பார்த்த உடனே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். பிறந்த வருடக் கடைசியில் கடுமையான வயிற்றுப்போக்கு கண்டு பிழைக்குமா என்றே சந்தேகமாகிவிட்டது. பிழைத்தது. 1987 ஜூலையில் கீன்லாண்ட் ஏலத்துக்குக் கொண்டுபோனார்கள். லட்சக்கணக்கான டாலருக்குக் குட்டிகள் கைமாறுகிற ஏலம் அது. இதற்குக் கேள்வி 17,000 டாலரோடு நின்றுவிட, ஹான்காக்கே திரும்ப எடுத்துக்கொண்டார். அடுத்த வருடம் கலிபோர்னியாவில் இன்னோர் ஏலம். அங்கே 32,000 டாலர். நினைத்த விலை வரவில்லை என்று மறுபடியும் வீட்டுக்கே. திரும்பி வரும் வழியில் லாரி ஓட்டுநருக்கு மாரடைப்பு வந்து வண்டி கவிழ்ந்தது. குதிரை அதிலும் தப்பித்துக்கொண்டது.

கடைசியில் பாதிப் பங்கை சார்லி விட்டிங்ஹாம் என்கிற கலிபோர்னியா பயிற்சியாளர் வாங்கிக்கொண்டார். எழுபது வயதைத் தாண்டிய, வழுக்கைத்தலைப் பெரியவர். தன் பங்கில் பாதியை ஒரு டாக்டர் நண்பருக்குக் கொடுத்தார். ஆக, யாருக்கும் வேண்டாத குதிரைக்கு மூன்று முதலாளிகள்.

இங்கே ஒரு பங்காளிக் கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் 1989 பந்தயங்களைச் சொன்னால் சுவை போய்விடும். அதே பாரிஸ் ஊரில் ஹான்காக் குடும்பத்தின் பரம்பரைப் பண்ணை கிளெய்போர்ன். அமெரிக்கக் குதிரை வளர்ப்பில் அதற்கு இருந்த பெயர் கொஞ்சநஞ்சமல்ல. 1972-ல் தந்தை இறந்தபோது, உயிலின்படி நியமிக்கப்பட்ட ஆலோசகர்கள் பண்ணைப் பொறுப்பை மூத்தவர் ஆர்தரிடம் தராமல் இளையவர் சேத்திடம் தந்தார்கள். ஆர்தர் கோபித்துக்கொண்டு வெளியேறித் தனிப் பண்ணை போட்டார். அந்த ஆலோசகர்களில் ஒருவர் ஆக்டன் பிப்ஸ் என்ற பெரும் பணக்காரர். இந்தப் பிப்ஸின் குதிரை ஒன்று கிளெய்போர்னில் 1986 மார்ச் 21 அன்று பிறந்தது. பெயர் ஈஸி கோயர். சண்டே சைலன்ஸுக்கு நாலே நாள் மூத்தது. செம்பட்டை நிறம், வாட்டசாட்டமான உடம்பு, ராஜ வம்சம், 1988-ன் சாம்பியன் இரண்டு வயதுக் குதிரை. இந்தப் பக்கம் கறுத்து மெலிந்து, கோணல் காலோடு இன்னொன்று. கதை எழுதுகிறவர் இப்படி அமைத்தால் ரொம்பச் செயற்கையாக இருக்கிறது என்று நாமே குறை சொல்வோம்.

1989 மே மாதம் கென்டக்கி டெர்பி. எல்லோர் பணமும் ஈஸி கோயர் மேல். சேறான மைதானம், பற்களைக் கிட்டிக்கவைக்கும் குளிர். சண்டே சைலன்ஸ் கடைசி நேர்பாதையில் குடித்தவன் நடப்பதுபோல் இப்படியும் அப்படியும் வளைந்து ஓடி, அப்படியும் இரண்டரை லெங்த்தில் ஜெயித்தது. ஒரு லெங்த் என்றால் மூக்கிலிருந்து பின்புறம் வரை ஒரு குதிரையின் நீளம். நேரம் 2 நிமிடம் 5 விநாடி. டெர்பி கணக்கில் மந்தம். ஈஸி கோயருக்குச் சேறு ஒத்துக்கொள்ளவில்லை, உலர்ந்த தரையில் பார்க்கலாம் என்றார்கள்.

இரண்டு வாரம் கழித்து பால்டிமோரில் பிரீக்னெஸ். நடுவில் சண்டே சைலன்ஸின் குளம்பில் கன்றிப்போய், சில நாள் பயிற்சிக்கே இறங்கவில்லை. இந்தப் பந்தயத்தின் வீடியோ இணையத்தில் கிடைக்கிறது. மற்றதை விட்டாலும் கடைசி வளைவிலிருந்து பாருங்கள். ஈஸி கோயர் முன்னால் போய்விடுகிறது. கறுப்புக் குதிரை வெளிப்பக்கமாக வந்து பிடிக்கிறது. அங்கிருந்து எல்லைக்கோடு வரை இரண்டும் தோளோடு தோள். உள்பக்கம் ஓடுகிற ஈஸி கோயரின் தலை எதிராளியைப் பார்ப்பதுபோல் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. ஜாக்கி பேட் டே கடிவாளத்தை அந்தப் பக்கம் இழுத்ததால்தான் தோற்றது என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. ஒரு எட்டில் இது முன்னே, அடுத்த எட்டில் அது முன்னே. கோட்டில் சண்டே சைலன்ஸின் மூக்கு முன்னால் இருந்தது. பேட் டே ஆட்சேபம் எழுப்பினார், தள்ளுபடி ஆனது. நான் பார்த்த பந்தயங்களில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவதான பெல்மாண்டில் கதை மாறியது. ஒன்றரை மைல், ஈஸி கோயரின் சொந்த ஊரான நியூயார்க். ஈஸி கோயர் 8 லெங்த்தில் ஜெயித்தது. 2 நிமிடம் 26 விநாடி. அந்தப் பந்தயத்தில் அதுவரை செக்ரடேரியட் என்ற குதிரை ஒன்றுதான் அதைவிட வேகமாக ஓடியிருந்தது. இந்த மூன்றையும் ஒரே வருடத்தில் ஜெயித்தால் கிடைக்கிற மும்மகுடம் சண்டே சைலன்ஸுக்குப் போச்சு. தீர்ப்பு நவம்பருக்குத் தள்ளிப்போனது. ப்ளோரிடாவின் கல்ப்ஸ்ட்ரீம் பார்க்கில் பிரீடர்ஸ் கப் கிளாசிக். வழக்கமாக ஓட்டும் ஜாக்கி வெலன்சுவேலா இல்லை. கிறிஸ் மெக்கேரன் ஏறினார். வளைவிலிருந்து பாய்ந்து முன்னால் வந்ததை ஈஸி கோயர் கடைசி நூறு மீட்டரில் துரத்திக்கொண்டே வந்தது. கழுத்தளவு வித்தியாசத்தில் சண்டே சைலன்ஸ் தப்பித்தது. நாலு சந்திப்பில் மூன்று வெற்றி. அந்த வருடத்தின் சிறந்த குதிரை விருதும் வந்தது. அடுத்த வருடம் இரண்டே பந்தயம் ஓடி, கால் தசைநாரில் அடிபட்டு ஓய்வு. மொத்தம் 14 ஓட்டம்: 9 முதலிடம், 5 இரண்டாமிடம். மூன்றாவதாகக்கூட ஒரு தடவை வந்ததில்லை. பரிசுப்பணம் கிட்டத்தட்ட 50 லட்சம் டாலர்.

சரி, இப்படிப்பட்ட குதிரையைப் பொலிகுதிரையாக வைத்துக்கொள்ள வரிசையில் நின்றிருக்க வேண்டாமா? இங்கேதான் தொழில் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். தரோபிரெட்டில் சினை ஊசி கிடையாது. செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியைப் பதிவேட்டிலேயே சேர்க்க மாட்டார்கள். பெண்குதிரையைப் பண்ணைக்கே கொண்டுவந்து நேரில்தான் சேர்க்க வேண்டும். அதனால் ஒரு பருவத்தில் எத்தனை பெண்குதிரைகள் வரும், என்ன தரத்தில் வரும் என்பதில்தான் பொலிகுதிரையின் எதிர்காலமே இருக்கிறது. அந்தக் காலத்து வழக்கப்படி குதிரையை நாற்பது பங்காகப் பிரித்து விற்பார்கள். பங்கு வாங்கியவர் வருடத்துக்கு ஒரு பெண்குதிரையை அனுப்பலாம். பிறக்கும் குட்டியை ஏலத்தில் விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். ஏலத்துக்கு வருகிறவர் என்ன பார்ப்பார்? கால் பார்ப்பார், வம்சம் பார்ப்பார். கோணல் கால், தாய்வழியில் பெயரில்லை, தந்தைக்கு முரட்டுக் குணம். டெர்பி ஜெயித்தது உண்மைதான். ஆனால் டெர்பி ஜெயித்துவிட்டுப் பொலிகுதிரையாகத் தோற்ற குதிரைகளை வரிசையாக நிற்க வைத்தால் கென்டக்கி கொள்ளாது. அதற்கு மேல், எண்பதுகளின் நடுவில் ஊதிப்பெருத்த குதிரை விலை அப்போது சரிந்துகொண்டிருந்தது. பங்கு எடுங்கள் என்று ஹான்காக் கேட்டவர்களில் ஒப்புக்கொண்டவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். அவருக்கோ கடன் கழுத்தை நெரித்தது.

வந்தவர் ஜப்பானின் ஸென்யா யோஷிடா. ஹொக்கைடோவில் ஷடாய் பண்ணையின் அதிபர். 1990 தொடக்கத்திலேயே கால் பங்கை வாங்கியிருந்தார். மற்றவர்கள் பின்வாங்கியதும் மிச்சத்தையும் வாங்கினார். மொத்தம் ஏறத்தாழ 1 கோடி டாலர். கோணல் காலும் தாய்வழியும் அவர் கண்ணில் படாமலில்லை. ஆனால் அவர் நிலைமை வேறு. குட்டியை விற்றுத்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் கென்டக்கிக்காரருக்கு இருந்தது. இவர் தன் பெண்குதிரைகளோடு சேர்த்து, பிறக்கும் குட்டிகளைத் தன் வட்டத்திலேயே வளர்த்து ஓட்டிப் பார்க்கலாம். ஜப்பானில் பரிசுப்பணமும் கொழுத்தது.

அப்புறம் அந்தப் பெண்குதிரைகள். என் கணிப்பில் விஷயமே அங்கேதான் இருக்கிறது. யோஷிடா குடும்பம் எழுபதுகளில் அமெரிக்க ஏலத்தில் 1 லட்சம் டாலருக்கு நார்தர்ன் டேஸ்ட் என்ற குட்டியை வாங்கியிருந்தது. புகழ்பெற்ற நார்தர்ன் டான்சரின் மகன் அது. எண்பதுகளில் ஜப்பானின் முதன்மைப் பொலிகுதிரையாகப் பல வருடம் இருந்தது. விளைவு, ஷடாய் லாயங்களில் எங்கு பார்த்தாலும் அதன் மகள்கள். நல்ல ரத்தம்தான், ஆனால் எல்லாம் சகோதரிகள்; வெளியிலிருந்து மாப்பிள்ளை வேண்டும். சண்டே சைலன்ஸ் நார்தர்ன் டான்சரின் வழித்தோன்றல் அல்ல. பூட்டும் சாவியும் மாதிரி பொருந்தியது. கென்டக்கியிலேயே இருந்திருந்தால், முப்பது நாற்பது இரண்டாந்தரப் பெண்குதிரைகளோடு அதன் வாழ்க்கை முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஸென்யா யோஷிடா 1993-ல் காலமானார். முதல் குட்டிகள் மைதானத்தில் இறங்கியது 1994-ல். ஒரு குட்டி ஓடியதைக்கூட அவர் பார்க்கவில்லை. அவருக்குப் பின் மூன்று மகன்களும் பண்ணைகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆனால் பொலிகுதிரை நிலையத்தை மட்டும் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். ஹான்காக் சகோதரர்களை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் வேறு மாதிரி இருக்கும். இன்னொன்று: அதே 1994-ல் கிளெய்போர்னில் ஈஸி கோயர் 8 வயதிலேயே செத்துப்போனது.

முதல் வருடக் குட்டிகளே போதும் போதும் என்றாக்கிவிட்டன. ஃபூஜி கிசேகி ஓடிய நாலும் ஜெயித்து, அடிபட்டு விலகியது. அது விலகியும் 1995-ல் ஜப்பானின் பெரும் பந்தயங்களான சத்சுகி ஷோ, டெர்பி, ஓக்ஸ் மூன்றையும் ஜெயித்தவை இந்த அப்பனின் பிள்ளைகள்தான். அந்த வருடம் தொடங்கி 2007 வரை, தொடர்ந்து 13 வருடம், குட்டிகள் ஈட்டிய பரிசுப்பணத்தில் முதலிடம். ஜப்பான் டெர்பியை மட்டும் ஆறு பிள்ளைகள் ஜெயித்தன. வேடிக்கை என்னவென்றால், அப்பன் ஓடியது முழுக்க மண் தரையில். பிள்ளைகள் கொடிகட்டிப் பறந்தது புல் தரையில். கடைசி 600 மீட்டரில் சட்டென்று விசை கூட்டி எகிறுவது இந்த வம்சத்தின் முத்திரை.

முரட்டுத்தனமும் கூடவே இறங்கியது. பேரன் ஓர்பெவ்ரைப் பாருங்கள். 2011-ன் மும்மகுடக் குதிரை. மார்ச் 2012-ல் ஹான்ஷின் மைதானத்தில் 3,000 மீட்டர் பந்தயம். முன்னால் ஓடிக்கொண்டிருந்தது, வளைவு வந்ததும் திரும்பாமல் வெளிவேலிப் பக்கமாக நேரே போய்விட்டது. ஏறக்குறைய நின்றேவிட்டது. கால் முறிந்துவிட்டது என்று கூட்டம் பதறியது. மற்ற குதிரைகள் தாண்டிப் போவதைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, மறுபடி ஓட ஆரம்பித்தது. கிட்டத்தட்ட கடைசியிலிருந்து எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு வந்து இரண்டாவதாக முடித்தது. இப்படி ஒரு தோல்வி வேறெந்தக் குதிரைக்கும் புகழ் சேர்த்திருக்காது. அந்த அக்டோபரில் பிரான்ஸின் பாரிஸில், ஐரோப்பாவின் பெரும் பந்தயமான ஆர்க்கை ஜெயித்தே விட்டது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், உள்வேலியை நோக்கிச் சாய்ந்து போய்க் கழுத்தளவில் கோட்டைவிட்டது. கொள்ளுத்தாத்தா ஹேலோவின் வாய்க்கூடு ஞாபகத்துக்கு வரத்தான் செய்யும்.

சண்டே சைலன்ஸ் 2002 ஆகஸ்ட் 19 அன்று இறந்தது. வயது 16. ஒரு முன்னங்காலில் கிருமித்தொற்று. அதை ஊன்ற முடியாமல் பாரமெல்லாம் மறுகாலில் விழ, அந்தக் குளம்பில் லேமினைட்டிஸ் கண்டது. குளம்புக்குள் எலும்பைத் தாங்கிப் பிடிக்கும் திசு வீங்கிக் கழன்றுபோகிற நோய் அது. அதே விட்டிங்ஹாமிடம் வளர்ந்து 1986 கென்டக்கி டெர்பி ஜெயித்த ஃபெர்டினான்டும் பிற்பாடு ஜப்பானுக்குத்தான் விற்கப்பட்டது. அதன் குட்டிகள் சோபிக்கவில்லை. கைமாறிக் கைமாறி, 2002-ல் இறைச்சிக் கூடத்தில் முடிந்ததாக மறுவருடம் செய்தி வந்து அமெரிக்கா கொதித்தது. ஒரே பயிற்சியாளர், ஒரே பந்தயம், ஒரே நாடு. இதனால்தான் பொலிகுதிரை ஜெயிப்பதை முன்கூட்டிச் சொல்கிறேன் என்கிறவர்களை நான் நம்புவதில்லை.

அப்பன் சாகும்போது ஐந்து மாதம்கூட நிரம்பாத ஒரு குட்டி இருந்தது. அது பிறந்ததும் மார்ச் 25-தான். அந்த ஜூலை ஏலத்தில் 7 கோடி யென்னுக்குப் போனது. சண்டே சைலன்ஸ் குட்டிகளுக்குள் இது பெரிய விலை இல்லை. சின்ன உடம்பு, வளர்ந்தும் 440, 450 கிலோதான். அதுதான் டீப் இம்பாக்ட். 2005-ல் தோல்வியே இல்லாமல் மும்மகுடம்; 14 ஓட்டத்தில் 12 வெற்றி. பொலிகுதிரையாக அப்பனின் நாற்காலியில் உட்கார்ந்து 2012 முதல் 2022 வரை முதலிடம். ஒரு பெண்குதிரையைச் சேர்க்கக் கட்டணம் 4 கோடி யென் வரை ஏறியது. அயர்லாந்தின் கூல்மோர் பண்ணை தன் உயர்ந்த ரகப் பெண்குதிரைகளை மூட்டை கட்டி ஹொக்கைடோவுக்கு அனுப்பியது. அப்படிப் பிறந்தவைதான் 2021-ல் இங்கிலாந்து ஓக்ஸை 16 லெங்த்தில் ஜெயித்த ஸ்னோஃபாலும், 2023-ல் எப்சம் டெர்பி ஜெயித்த ஆகஸ்ட் ரோடனும்.

இதில் ஒரு சிக்கலும் வளர்ந்தது. எல்லாப் பெண்குதிரைகளும் ஒரே தாத்தாவின் பேத்திகள் என்றானால் யாரை யாரோடு சேர்ப்பது? நார்தர்ன் டேஸ்ட் மகள்களுக்கு நேர்ந்த அதே நிலைமை, இன்னும் பெரிய அளவில். வெளிநாட்டிலிருந்து பெண்குதிரைகளையும் பொலிகுதிரைகளையும் வாங்கிக் குவித்தார்கள். தலைமுறை நகர நகர வேறொரு வழியும் திறந்தது. ஒரு பக்கம் மூன்றாம் தலைமுறையிலும் மறுபக்கம் நாலாம் தலைமுறையிலும் சண்டே சைலன்ஸ் வந்தால், எட்டில் ஒன்றும் பதினாறில் ஒன்றுமாகச் சேர்ந்து 18.75 சதவீத ரத்தம். ஜப்பான்காரர்களுக்கு இந்த விகிதத்தின் மேல் தனி ஆசை. 2020-ல் பெண்குதிரைகளின் மும்மகுடம் வென்ற டேரிங் டாக்ட் அந்தக் கணக்கில் பிறந்ததுதான். 

இனி உங்கள் கேள்வியில் இருக்கிற “அமெரிக்கா”. டீப் இம்பாக்ட்டின் மகன் ரியல் ஸ்டீல். அதன் மகன் ஃபார்எவர் யங். தாய் அமெரிக்காவிலிருந்து வாங்கிவந்த குதிரை. 2024-ல் கென்டக்கி டெர்பிக்குப் போய் மூன்று குதிரைகள் ஒரே கோட்டில் முடித்ததில் மூன்றாமிடம். முதலிடத்துக்கும் அதற்கும் நடுவே இரண்டு மூக்கு. 2025-ல் சவுதி கோப்பை. அதே வருடம் நவம்பர் 1 அன்று, கலிபோர்னியாவின் டெல் மாரில், மண் தரையில், பிரீடர்ஸ் கப் கிளாசிக்கை ஜெயித்தது. ஜப்பானில் பயிற்சி பெற்ற ஒரு குதிரை அதை ஜெயித்தது அதுவே முதல் முறை. 1989-ல் கழுத்தளவில் கொள்ளுத்தாத்தா எடுத்த அதே கோப்பை. கென்டக்கி டெர்பி மட்டும் இன்னும் ஜப்பானுக்குப் பாக்கி.